வின்கோட் ஐயாவின் தொட்டியில் மஞ்சள் தண்ணீர்

தொட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் மஞ்சளாக இருந்தது. பருப்புக்கறிக்குத் தண்ணீர் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அந்த மஞ்சள். மேலே வேப்பிலைகள் மிதந்தன. ஆவி எழும்பிப் போதகர் மார்ட்டினின் கண்ணாடியை மூடியது. அவர் அதைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நிறம் மாறவில்லை.

தொட்டிக்கரையில் நொம்சா அக்கா வெள்ளை அங்கியோடு வெறுங்காலில் நின்றார். இரண்டு கையாலும் அங்கியை இறுக்கிப் பிடித்திருந்தார். இருபது வருஷமாகத் தள்ளிப்போட்ட காரியத்துக்கு அன்றைக்குத்தான் துணிந்து வந்திருந்தார்.

சபை நிர்வாகத்தைப் பார்க்கிற மூத்த டீக்கன் கிளிஃபர்ட் போதகரைப் பார்த்தார். போதகர் என்னைப் பார்த்தார். நான் கௌரி அக்காவைப் பார்த்தேன். கௌரி அக்கா முகட்டைப் பார்த்தார்.

"அக்கா, என்ன போட்டனீங்கள்?"

"கொஞ்சம் மஞ்சள்தான்."

"கொஞ்சமெண்டா?"

"பைக்கற்றிலை மிச்சம் வைக்க மனம் வரேல்லை."

இந்தத் தொடரைப் போன வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. நான் லண்டன் மனோர் பார்க்கில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். முருகன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. அந்தச் சபையின் ஹோலில்தான் எங்கள் பள்ளிக்கூடம் நடக்கிறது. அவர்கள் கும்பிடுவது ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கத்துவது சனிக்கிழமை. அதனால் இரண்டு தரப்பும் பெரிதாக முட்டிக்கொண்டது கிடையாது.

பாப்டிஸ்ட்காரரிடம் ஞானஸ்நானம் என்று குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் இல்லை. வளர்ந்த ஆள் தன் வாயால் கேட்டு, முழு உடம்பும் தண்ணீருக்குள் போய் எழும்ப வேண்டும். அதுதான் முழுக்கு. அதற்காகவே பிரசங்க மேடைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். மேடைப் பலகைகளைக் கழற்றினால் படிகள் தெரியும். பேச்சுப்போட்டி நாளில் மட்டும் ஆராதனை மண்டபத்தையும் எங்களுக்குத் தருவார்கள். எத்தனையோ வருஷம் அந்த மேடையில் எங்கள் பிள்ளைகள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். காலுக்குக் கீழே கேணி இருந்தது ஒருவருக்கும் தெரியாது.

சுவரில் இருந்த தாடிக்காரர்

தொட்டியின் கதையைச் சொல்வதென்றால் சைலஸ் வின்கோட் ஐயாவில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஹோலில், சமையலறையில் இருந்து சாப்பாடு நீட்டுகிற தட்டிக்கு மேலே அவருடைய பெரிய படம் ஒன்று தொங்குகிறது. நெஞ்சுவரை தாடி. கையில் புத்தகம். எங்களைப் பார்த்து எப்போதும் கொஞ்சம் கோபமாக இருப்பார். பிள்ளைகள் அவரை 'சுவர் சேர்' என்பார்கள். ஆத்திசூடி மறந்து முழிக்கிற பிள்ளை நேரே அவரைத்தான் பார்க்கும். அவர் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒருமுறை வாணி விழாவுக்குக் கும்பம் வைத்தபோது கௌரி அக்கா கதிரையில் ஏறி, படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கௌரி அக்கா எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலுக்குப் பொறுப்பு. சமையலுக்கு மட்டும் பொறுப்பாக இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"செத்த மனுசன்ரை படத்தை வெறும் நெத்தியோடை விடுறதே? பாவமெல்லோ" என்றார்.

அடுத்த நாள் கிளிஃபர்ட் கைலேஞ்சியால் அதைத் துடைத்தாராம். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிளிஃபர்ட்டின் குணம் அதுதான். உயரமான, மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். எண்பதை நெருங்குகிறார். பேசினால் வின்கோட்டைப் பற்றித்தான் பேசுவார்.

அவர் சொல்லித்தான் எனக்கு ஐயாவின் பூர்வீகம் தெரியும். வின்கோட் தேம்ஸ் கரையில் பீப்பாய் செய்கிற ஒருவரின் மகன். தகப்பனோடு பட்டறையில் நின்றவர். வாலிபத்தில் இந்தத் தொட்டியில்தான் முழுக்கு எடுத்தார். அது மார்கழிக் குளிர். தொட்டியில் உறைந்திருந்த பனிக்கட்டியைத் தகப்பனே பட்டறைச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் கப்பலேறித் தென்னாபிரிக்கா போனார். திரும்பி வரவேயில்லை.

"பனிக்கட்டியை உடைத்து" என்று சொல்லும்போது கிளிஃபர்ட்டின் குரலில் ஒரு பெருமை வரும். தண்ணீர் குளிராக இருப்பதும் விசுவாசத்தில் சேர்த்தி என்று அந்தச் சபையில் ஒரு எண்ணம் இருந்தது. கிளிஃபர்ட்டும் வாலிபத்தில் அதே குளிரில்தான் இறங்கியவர்.

எனக்குப் பாதிரிமார் என்றால் ஒரு கண்ணில் நன்றி, மறு கண்ணில் சந்தேகம். யாழ்ப்பாணத்தில் நான் படித்ததும் ஒரு மிசன் பள்ளிக்கூடம்தான். காலையில் அவர்களுடைய பாட்டு, பின்னேரம் வீட்டில் தேவாரம். ஒருநாள் இரண்டும் மாறி, சாமி அறையில் நான் இயேசு பாட்டை எடுத்துவிட்டேன். அப்பா சிரித்தார். "அங்கை அவையின்ரையைப் பாடு, இஞ்சை எங்கடையைப் பாடு. ரெண்டும் பாட்டுத்தானே" என்றார். அந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் எனக்கு ஆங்கிலம் இல்லை, லண்டனில் வேலையும் இல்லை. அதேநேரம் உத்தியோகத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள். அதனால் சுவரில் இருக்கிற எந்த வெள்ளைத்தாடியையும் நான் முழுதாக நம்புவதுமில்லை, முழுதாக வெறுப்பதுமில்லை.

மழை வராத ஊர்

ஐயாவின் மீதிக் கதையை எனக்குச் சொன்னவர் நொம்சா அக்கா.

நொம்சா தென்னாபிரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், வின்கோட் போய்ச் சேர்ந்த அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். கோசா இனம். லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வந்த புதிதில், தங்கள் ஊர்ப் பாதிரியாரை அனுப்பிவைத்த சபை எங்கே என்று விசாரித்து விசாரித்து மனோர் பார்க்குக்கு வந்திருக்கிறார். ஹோலுக்குள் நுழைந்து படத்தைப் பார்த்து, "உன்னைத் தேடித்தான் வந்தனான், நீயேன் முறைக்கிறாய்?" என்று கேட்டாராம்.

சனிக்கிழமைகளில் எங்களுக்குக் கதவு திறந்துவிடுவது அவர்தான். கதவு திறக்க வந்தவர் எங்கள் சமையலறையில் இருந்துவிட்டார். எங்கள் மீன்குழம்புக்கு அவர் சோளமாக் களி கிண்டுவார். அது எங்கள் புட்டுக்கும் களிக்கும் நடுவில் ஒரு சாமான். குழம்பை நன்றாக இழுக்கும்.

அவர் என்னைச் 'சிசி' என்பார். அவர்கள் பாஷையில் சகோதரி. நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அவர் சொன்னவை எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்து கிடக்கின்றன. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உந்தாள் வந்து இறங்கின வருசமே மழை நிண்டுபோச்சு சிசி. சனம் என்ன நினைக்கும்? தாடிக்காரன் மழையை விழுங்கிப்போட்டான் எண்டுதான் நினைச்சது."

வின்கோட் மாட்டு வண்டிலில் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுபோயிருக்கிறார். அதில் ஒரு பெட்டி முழுக்க முழுக்கு அங்கிகள். தண்ணீரில் துணி மேலே மிதக்காமல் இருக்க, விளிம்பில் ஈயக் குண்டு வைத்துத் தைத்த அங்கிகள். இந்தச் சபைப் பெண்கள் தைத்துக் கொடுத்தவை. போன இடத்தில் ஆடு குடிக்கவும் தண்ணீர் இல்லை. அங்கிகள் வருஷக்கணக்காகப் பெட்டியிலேயே கிடந்தன. அவருடைய மனைவி காய்ச்சலில் போனார். கைக்குழந்தையும் பின்னாலேயே போனது. இருவரையும் ஒரு முள்மரத்தடியில் அவரே குழி வெட்டிப் புதைத்தார்.

கோசா பாஷையில் நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டிய எழுத்துகள் உண்டு. நொம்சா ஒன்றைச் சொல்லிக்காட்டினார். குதிரையை ஓட்டுகிறவன் வாயில் வருகிற சத்தம். வின்கோட்டுக்குக் கடைசிவரை அது வரவில்லை. அவர் பிரசங்கத்தில் திணறுவதைக் கேட்டுச் சிரிப்பதற்காகப் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வந்தார்கள்.

"அப்பிடித்தான் எங்கட சபை தொடங்கினது. பிரசங்கத்துக்கு வந்ததெண்டு நினையாதை, பகிடிக்கு வந்தது."

அப்படி வந்தவர்களில் ஒருத்தி நொந்தோம்பி என்கிற விதவை. நொம்சாவின் வம்சத்தில் நாலைந்து தலைமுறைக்கு முந்திய தாய். பஞ்சத்தில் தன் ஒற்றை மாட்டின் புளித்த பாலில் பாதியை வின்கோட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள். மழை வந்த வருஷம் முதல் முழுக்கு எடுத்தவளும் அவள்தான். சபைச் சுவரில் உள்ள வெண்கலத் தகட்டில் அவள் பெயர் இல்லை. இருளில் இருந்தவர்களை வின்கோட் காப்பாற்றினார் என்று மட்டும் இருக்கிறது.

"அந்தாள் நல்ல மனுசன்தானா அக்கா?" என்று கேட்டேன்.

நொம்சா களியைக் கிண்டிக்கொண்டே யோசித்தார். "அவர் நல்லவர். அவருக்குப் பின்னாலை துவக்கோடை வந்தவை நல்லவை இல்லை. எங்கட நிலம் போச்சு. அதுக்காக நொந்தோம்பி குடுத்த பாலைத் திருப்பிக் கேக்க ஏலுமே?"

பின் வாங்கில்

இத்தனை கதை தெரிந்த நொம்சா அந்தச் சபையின் அங்கத்தவர் அல்ல. இது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

முழுக்கு எடுத்தவர்கள் மட்டுமே அங்கத்தவர். அந்தச் சபையில் பிஷப் என்றோ மேலிடம் என்றோ எதுவும் கிடையாது. கூரை ஒழுக்கில் இருந்து போதகரின் சம்பளம் வரைக்கும் அங்கத்தவர்கள் கூடிக் கையை உயர்த்தித்தான் முடிவு எடுப்பார்கள். இருபது வருஷம் கூட்டிப் பெருக்கி, பூ வைத்து, தேநீர் ஊற்றிய நொம்சா அந்தக் கூட்டங்களில் பின் வரிசை வாங்கிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பேசலாம். கை உயர்த்த முடியாது.

காரணம் தண்ணீர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனது. கம்பளி தோய்த்துக்கொண்டிருந்த பெண்கள் தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்தார்கள். அன்றிலிருந்து முகத்தில் தண்ணீர் பட விடமாட்டார். தலைக்குக் குளிப்பதென்றாலும் ஈரத்துணியால்தான். வேலையிலோ ஒரு நாளைக்கு எத்தனையோ கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவர். ஊருக்கெல்லாம் குளிப்பாட்டிய கைக்குத் தன் தலையில் ஒரு சிரங்கை தண்ணீர் ஊற்றத் தைரியம் இல்லை.

சொந்த ஊரிலும் அதனால்தான் எடுக்கவில்லை. இங்கே ஒவ்வொரு போதகரும் கேட்டுப் பார்த்தார்கள். "அடுத்த வருசம்" என்பார்.

பிறகு ஒரு புரட்டாசியில் சபைக்கு ஒரு யோசனை வந்தது. தொட்டியை ஒருவரும் பாவிப்பதில்லை. ஈரம் ஏறி மேடைப் பலகை உக்குகிறது. சீமெந்து போட்டு மூடிவிட்டால் என்ன? இனி முழுக்கு வேண்டுமென்றால் நீச்சல் குளம் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். ஐப்பசிக் கூட்டத்தில் கை உயர்த்தி முடிவெடுப்பது என்று தீர்மானித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நொம்சா கதவைத் திறந்துவிட்டு அப்படியே வாசலில் நின்றார்.

"சிசி, அந்தாள் இறங்கின தொட்டி. அந்தாள் இஞ்சை இறங்கினதாலைதான் நொந்தோம்பி அங்கை இறங்கினவள். மூட முன்னம் நான் அதிலை இறங்கவேணும்."

"தண்ணிப் பயம்?"

"பயம் அப்பிடியேதான் கிடக்கு" என்றார். "இப்ப இல்லையெண்டா இனி இல்லை. நீ வந்து கரையிலை நில். நான் தண்ணியைப் பாக்காமல் உன்னைப் பாக்கிறன்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். சைவக்காரி எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு அண்டாக்கள்

முழுக்குக்கென்று குறித்த ஞாயிறுக்கு முதல்நாள். நாங்கள் ஹோலில் இருந்தோம். பக்கத்து ஆராதனை மண்டபத்தில் தோட்டத்துக் குழாயை இழுத்து விட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் போதகர் மார்ட்டின் முகம் வாடி வந்தார். தண்ணீர் சூடாக்கும் ஹீற்றர் செத்துவிட்டது. திருத்துகிறவர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

கிளிஃபர்ட் கலங்கவில்லை. "வின்கோட்டுக்கு ஹீற்றர் இருக்கவில்லை" என்றார்.

நொம்சா தொட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார். வந்து சமையலறைக் கதிரையில் குந்தினார். கையைத் துணியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. பயத்தோடு குளிரும் சேர்ந்தால் அவர் இறங்கமாட்டார். இந்தமுறை இறங்காவிட்டால் தொட்டியே இருக்காது.

கௌரி அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"இதுக்கே இவ்வளவு யோசனை? பொங்கலுக்கு ஐநூறு பேருக்குச் சமைக்கிற அண்டா நாலு கிடக்கு. விடியக் காய்ச்சி ஊத்தினாச் சரி."

அப்படித்தான் ஞாயிறு விடிய எங்கள் பள்ளிக்கூடத்துத் தாய்மார் பத்துப் பேர் சபைக்கு வந்தார்கள். பின்வளவில் இரண்டு காஸ் அடுப்பு, உள்ளே இரண்டு. காய்ச்சக் காய்ச்ச வாளி கைமாறித் தொட்டிக்குப் போனது. ஒருத்தி குட்மேய்ஸில் இருந்து முதல் ரயிலில் வந்திருந்தாள், மதுரைக்காரி, பெயர் செல்வி. கணக்காய்வு நிறுவனத்தில் பெரிய வேலை. வாளி தூக்கி அவளுடைய புதுச் சப்பாத்து நனைந்தது. "பரவால்லக்கா, எங்க ஊர்த் திருவிழா மாதிரி இருக்கு" என்றாள்.

நான் உள்ளறையில் நொம்சா அங்கி மாற்ற உதவிக்கொண்டிருந்தேன். அண்டாப் பக்கம் போகவில்லை. அது நடந்தது அங்கேதான்.

எங்கள் ஆட்கள் எவராவது நோய் வருத்தத்தில் கிடந்து எழும்பினால், அம்மை என்கிற அம்மாள் வருத்தம் மாறினால், முதல் முழுக்குக்கு மஞ்சளும் வேப்பிலையும் இல்லாமல் தண்ணீர் காய்ச்சமாட்டோம். அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது, ஒரு பெண் பயம் தெளிந்து தலை முழுகப் போகிறாள். கௌரி அக்காவின் கை தானாகவே பைக்கற்றைத் தேடியிருக்கிறது. வேப்பிலை அவருடைய கைப்பையில் இருந்தது. அது ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். கௌரி அக்காவின் கைப்பையில் இல்லாதது எதுவும் இல்லை.

ஆற்றின் நிறம்

இப்போது தொட்டிக்கரைக்கு வருவோம்.

ஆராதனைக்குச் சனம் வந்துவிட்டது. பாட்டுப் பாடி முடிந்தது. சூடு போகாமல் தொட்டியை மூடி வைத்த பலகையை நீக்கினால் மஞ்சள்.

கிளிஃபர்ட் மெதுவாகச் சொன்னார். "இதில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது. ஒருபோதும் இருந்ததில்லை." அவர் கோபப்படவில்லை. குரலில் துக்கம்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கட்டிக்காத்த ஒன்று கண்முன்னே நிறம் மாறினால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

போதகர், திறந்துவிட்டு மறுபடி நிரப்பலாமா என்று கேட்டார். பொழுதுபடும். அப்போதும் குளிர்த்தண்ணீர்தான். அடுத்த கிழமைக்கு ஒத்திவைக்கலாமா என்றார்.

அடுத்த கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் நொம்சாவின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷமும் 'அடுத்த வருசம்' என்று அவர் தள்ளியதும் இப்படித்தானே. அவர் தலையாட்டிவிட்டு அங்கியைக் கழற்றப் போகிறார் என்றே நினைத்தேன்.

நொம்சா கிளிஃபர்ட் பக்கம் திரும்பினார்.

"ஐயா, வின்கோட் முதல் முழுக்குக் குடுத்த தண்ணி என்ன நிறம் எண்டு தெரியுமோ?"

கிளிஃபர்ட் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு சித்திரம் இருக்கிறது. அதில் வின்கோட் நீலத் தண்ணீரில் நிற்பார்.

"சிவப்பு. மழை வந்து ரெண்டாம் நாள், மலைச்சேறு முழுக்க ஆத்திலை. மாடும் அதிலைதான் நிண்டது. தெளியட்டும் எண்டு சனம் சொல்லிச்சு. அந்தாள் கேக்கேல்லை. இத்தினை வருசம் பாத்தது காணும், இனி ஒருநாளும் பொறுக்க ஏலாது எண்டு இறங்கினார். நொந்தோம்பி பின்னாலை இறங்கினாள். நடு ஆத்திலை அந்தாளுக்குக் கால் வழுக்கிச்சு. ஈயக்குண்டு வைச்ச அங்கி. இஞ்சை தைச்சுக் குடுத்த அங்கி. அது அவரைக் கீழை இழுத்துப்போட்டுது."

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"நொந்தோம்பிதான் தாடியிலை பிடிச்சு அவரைத் தூக்கி நிப்பாட்டினவள். ரெண்டு பேரும் தலையிலை இருந்து கால்வரைக்கும் சேறு. அதுக்குப் பிறகுதான் அவர் அவளுக்கு முழுக்குக் குடுத்தவர். முதல் தண்ணிக்குள்ளை போய் எழும்பினது அவர்தான் எண்டு எங்கட வீட்டிலை செத்தவீட்டுக்குச் செத்தவீடு சொல்லிச் சிரிப்பம்." நொம்சா தகட்டைப் பார்த்தார். "யார் யாரைக் காப்பாத்தினது எண்டு அதிலை எழுதேல்லை. பரவாயில்லை. ஆனா சேத்துத் தண்ணியிலை எடுத்த முழுக்குச் செல்லுமெண்டா, இதுவும் செல்லும்."

கிளிஃபர்ட் கௌரி அக்கா பக்கம் திரும்பினார். இது என்னத்துக்குப் போடுகிறது என்று கேட்டார்.

கௌரி அக்கா முதல்தடவையாகத் தயங்கினார். தமிழில் சொல்லி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். "வருத்தத்தாலை எழும்பின ஆளுக்கு வாக்கிற தண்ணி. இனி அந்த வருத்தம் திரும்பி வராது."

கிழவர் முழங்காலை மடித்துச் சிரமப்பட்டுக் குந்தினார். கையைத் தொட்டிக்குள் விட்டார். ஒரு வேப்பிலை அவர் விரலில் ஒட்டியது. கையை எடுக்கவேயில்லை.

"சூடாக இருக்கிறது" என்றார்.

அதைச் சொன்ன விதத்தை என்னால் எழுத முடியவில்லை. அந்தத் தொட்டிக்குள் முதல்முறை இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பையன், இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதே தண்ணீரைத் தொட்டுப் பார்க்கிறான். அப்படி இருந்தது எனக்கு.

போதகர் தொட்டிக்குள் இறங்கினார். பிறகு கிளிஃபர்ட் சப்பாத்தைக் கழற்றினார். கால் மேசோட்டைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தார். கோட்டுச்சூட்டோடேயே படியில் இறங்கி, மஞ்சள் தண்ணீரில் இடுப்பளவில் போதகருக்குப் பக்கத்தில் நின்று, நொம்சாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"மார்ட்டின் தனியாள். வழுக்கினால் பிடிக்க ஒருவர் வேண்டும்" என்றார்.

நொம்சா முதல் படியில் காலை வைத்தார். இரண்டாவது படியில் நின்றுவிட்டார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. நான் கரையில் முழந்தாளிட்டு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் இஞ்சைதான் நிக்கிறன் அக்கா, எங்கையும் போகேல்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

இறங்கினார். போதகர் ஒரு பக்கம், கிளிஃபர்ட் மறு பக்கம். பின்னால் சாய்ந்தார். மஞ்சள் தண்ணீர் அவர் முகத்துக்கு மேல் மூடியது. நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

எழும்பினார்.

நெற்றியில் ஒரு வேப்பிலை. கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் தேடினார். பிறகு சிரித்தார், வாய்விட்டு, தண்ணீர் மூக்கால் வரச் சிரித்தார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது எனக்குப் பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. செல்வி. அந்தச் சபையில் ஆபிரிக்கப் பெண்கள் நாலைந்து பேர் உண்டு. ஒரு நொடி அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நொடி அவர்களும் நாக்கைச் சுழற்றினார்கள். அதே குலவை. மதுரைக்கும் நொம்சாவின் ஆற்றங்கரைக்கும் நடுவில் எத்தனை கடல் என்று எனக்குத் தெரியாது. சத்தத்தில் வித்தியாசம் இருக்கவில்லை.

"எனக்கே தெரியாம வந்துடுச்சுக்கா, தப்பா எடுத்துக்குவாங்களா?" என்று செல்வி என் காதில் கேட்டாள். ஒருவரும் தப்பாக எடுக்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது, யாரோ கொடுத்த காற்சட்டையோடு நின்ற கிளிஃபர்ட் கௌரி அக்காவிடம் வந்தார். இனிமேல் சுடுதண்ணீர் மட்டும் போதும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். கௌரி அக்கா ஓம் ஓம் என்று தலையாட்டினார். கௌரி அக்கா எதற்கும் அப்படித்தான் தலையாட்டுவார்.

கை

புதன்கிழமை அந்த ஐப்பசிச் சபைக்கூட்டம். எனக்கு அதில் அலுவல் இல்லை. அண்டாக்களை எடுக்கப் போனவள் சமையலறையில் நின்றுவிட்டேன். தட்டி திறந்திருந்ததால் ஹோலில் நடந்ததெல்லாம் தெரிந்தது.

நொம்சாவின் அங்கி சூடாக்கிக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் தோய்த்தும் மஞ்சள் போகவில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவுமில்லை.

முதலில் புதிய அங்கத்தவரின் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நொம்சா பழக்கத்தில் பின் வாங்கிலில்தான் இருந்தார். கை மடியில் இருந்தது.

பிறகு கிளிஃபர்ட் எழும்பித் தொட்டியின் விஷயத்தை எடுத்தார். ஈரத்தைச் சொன்னார், உக்கிய பலகையைச் சொன்னார், செலவைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மூட வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். இரண்டு மூன்று கைகள் எழும்பின. அவருடைய கை அதில் இல்லை.

"தொட்டி இருக்க வேண்டும் என்பவர்கள்?"

சபை ஒருவரையொருவர் பார்த்தது. யார் முதலில் என்கிற அந்தத் தயக்கம் எங்கள் பெற்றோர் கூட்டத்திலும் உண்டு. கிளிஃபர்ட் மட்டும் நேரே பின் வாங்கிலைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

நொம்சா தன் கையைக் குனிந்து பார்த்தார். வேறு யாருடையதோ கை மடியில் கிடப்பதுபோலப் பார்த்தார். மேலே சுவரில் இருந்து தாடிக்காரர் வழக்கம்போல முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைதான் முதலில் எழும்பியது.